தொண்ணூற்றொரு நாள்

அப்பாவை விடுதலை செய்த தீர்ப்பு எழுபத்து மூன்று பக்கம். அதில் என் யோசனைக்கு அரைப் பக்கம்கூட இல்லை. இருப்பதும் எங்கள் வக்கீலம்மா பேரில்தான் இருக்கிறது. போகட்டும், ஆள் வீடு வந்து சேர்ந்தாயிற்று.

அப்பா கார் டிரைவர். பெரிய கட்சி ஒன்றின் தலைவருக்குப் பதினோரு வருஷம் வண்டி ஓட்டினார். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை காலையில், அப்பா ஓட்டிப் போன காரிலேயே பின் சீட்டில் இருந்த தலைவரை ஒருவன் சுட்டுக் கொன்றான். தேர்தலுக்கு ஐந்து வாரம் இருந்தது. சுட்டவன் ஓடிவிட்டான். இரண்டாம் நாள் ஒரு பாலத்துக்கு அடியில் பிணமாகக் கிடைத்தான். அவனை ஏவிவிட்டது யார் என்று சொல்ல ஆள் இல்லை. போலீஸ் கையில் உயிரோடு இருந்தது அப்பா ஒருத்தர்தான்.

தலைவரின் அன்றைய பயணத் திட்டத்தில் இல்லாத ஒரு சந்துக்குக் கார் ஏன் போனது? காவலுக்கு வருகிற ஆட்கள் இல்லாமல், தலைவர் மனைவியின் சின்னக் காரில் ஏன் போனது? ஐந்து குண்டு பாய்ந்த காரில் டிரைவர் மேல் ஒரு கீறல்கூட ஏன் இல்லை? அப்பா எதற்கும் வாயைத் திறக்கவில்லை. அடித்தார்கள். இடது கையில் இரண்டு விரல் இப்போதும் மடங்காது. தொண்ணூற்றொரு நாள் அப்படியே இருந்தார். பேப்பர்காரர்கள் ‘ஊமை டிரைவர்’ என்று பட்டம் கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு ‘ஊமை பொண்ணு’ என்று பேர். நானோ வாயாடி. என் பாடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று அம்மா கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“ஏங்க அங்க போய் வண்டிய நிறுத்துனீங்க? எங்கிட்டயாவது சொல்லுங்க.”

“கேக்காத.”

“இவள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?”

“கேக்காதன்னு சொன்னேன்ல.”

அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ரத்தமும் சீழும் பட்ட போர்வைகளைப் பிரித்து மெஷினில் போடுகிற வேலை. பிறகு இஸ்திரிப் பக்கம் மாற்றினார்கள். அவள் முழங்கைக்குக் கீழே வரிவரியாகச் சூட்டுத் தழும்பு இருக்கும்.

இப்படியே இருந்தால் தூக்குதான் என்று வக்கீலம்மா சொன்ன பிறகு, தொண்ணூற்றிரண்டாம் நாள் அப்பா வாய் திறந்தார். தலைவருக்கு இரண்டு கண்ணும் போய்க்கொண்டிருந்தன என்றார். அந்தச் சந்தில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி இருந்தது. மாதம் ஒருமுறை தலைவர் அங்கே போய்க் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டுக்கொள்வார். கண் தெரியாதவரை நம்பி யார் ஓட்டுப் போடுவார்கள் என்று கட்சிக்கும் சொல்லவில்லை, வீட்டுக்கும் சொல்லவில்லை. “இது உனக்கும் எனக்கும் மட்டும்” என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

யார் நம்புவார்கள்? ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் தலைவர் பேரே இல்லை. அப்பா பேர்தான் இருந்தது. தலைவர் ஊசி போட்டுக்கொண்டது எல்லாம் அப்பாவின் பேரில். பொய்ப் பேரில் ஊசி போட்டது தெரிந்தால் தொழிலே போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ, டாக்டர் தலைவரைப் பார்த்ததே இல்லை என்று சாட்சி சொன்னார். நர்ஸும் அதையே சொன்னார். தலைவரின் கண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால், முகத்தில் பாய்ந்த குண்டுகளில் கண்ணே மிஞ்சவில்லை. ‘சந்தை நோட்டம் பார்க்கவே டிரைவர் தன் பேரில் அங்கே போய் வந்திருக்கிறான். மாட்டிக்கொண்டதும் மூன்று மாதம் உட்கார்ந்து கதை கட்டியிருக்கிறான்’ என்று எழுதி ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள்.

நான் வளர்ந்து மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி அறுத்து, ஓரம் தேய்த்துப் பொருத்துகிற வேலை. கடையோடு சேர்ந்தாற்போல் ஒரு கண் டாக்டர் உட்காருவார். ஒருநாள் அவர் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தார். “இந்த நோய் ஒருதடவை விழித்திரையில வந்தா வந்ததுதான். கண்ணுக்குள்ள ஊசி போட்டா மேல பரவாது, அவ்வளவுதான். வந்த தழும்பு சாகற வரைக்கும் இருக்கும்.”

என் கையில் இருந்த லென்ஸ் கீழே விழுந்து உடைந்தது. சம்பளத்தில் பிடித்தார்கள்.

அன்று மாலையே வக்கீலம்மாவிடம் ஓடினேன். “எங்கப்பா பேர்ல பதினாலு ஊசி போட்டிருக்காங்க. அவர் கண்ண சோதிச்சுப் பாத்தா ஊசி யாருக்குன்னு தெரிஞ்சிடும்ல?”

வக்கீலம்மா பழைய கேஸ் கட்டை இழுத்து ஊசிக் கணக்கைப் புரட்டினார். பிறகு, “இத்தனை நாள் இது என் மண்டையில ஏறலியே” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஜெயிலுக்குக் கண் டாக்டரை அழைத்துப்போக அனுமதி வாங்கவே ஏழு மாதம் ஆயிற்று. அவர் பார்த்துவிட்டு, ‘இரண்டு விழித்திரையும் சுத்தம். எந்தக் காலத்திலும் அந்த நோய் வந்த அடையாளம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார். அதற்குள் அந்தச் சந்து ஆஸ்பத்திரி டாக்டர் செத்துப்போயிருந்தார். அவர் இருக்கும்வரை பயந்து கிடந்த நர்ஸ், கோர்ட்டில் கூண்டேறி, “ஊசி போட்டுக்கிட்டது தலைவர்தான். அவர் தலைய நான்தான் பிடிச்சிக்குவேன்” என்று சொல்லி அழுதார். பன்னிரண்டு வருஷமும் நான்கு மாதமும் கழித்து அப்பா வெளியே வந்தார்.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில் ஒரு அறை, ஒரு சமையலிடம். நடுவில் கதவு கிடையாது, திரைதான். அப்பா வந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல் நடக்கப் பழகவே ஒரு மாதம் ஆயிற்று. எந்தக் கதவையும் அவராகத் திறக்க மாட்டார். யாராவது திறக்கட்டும் என்று முன்னால் போய் நிற்பார். “தொறந்துதான இருக்கு, போங்கப்பா” என்று நான் சொல்ல வேண்டும். நான் அவரை ‘அப்பா’ என்று கூப்பிட்டாலும் விருந்தாளியிடம் பேசுவது போலத்தான் பேசினேன். அவரும் என்னிடம் “சாப்ட்டாச்சா” என்பதைத் தவிர வேறு கேள்வி தெரியாதவர் போல இருந்தார்.

டிரைவர் வேலை யாரும் கொடுக்கவில்லை. ‘முதலாளிய உயிரோட கொண்டுபோய்ச் சேர்ப்பியா’ என்று ஒருவன் முகத்துக்கு நேரே கேட்டான். கடைசியில் ஒரு பேக்கரியில் வேன் கழுவுகிற வேலை கிடைத்தது. கழுவின வேனைப் பத்தடி தள்ளி நிறுத்தச் சொல்லி சாவியை நீட்டினால்கூட வாங்க மாட்டாராம். கியரை நியூட்ரலில் போடச் சொல்லிவிட்டு, பின்னால் போய்த் தோள் கொடுத்துத் தள்ளுவாராம். அங்கே அவருக்கு ‘புல்டோசர்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். ஊமைக்கு அது தேவலை என்று அம்மா சொன்னாள்.

இதற்கிடையில் தலைவரின் மகன் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவைத்துப் பேசினான். அவன் இப்போது அதே கட்சியில் பெரிய ஆள். “எங்கப்பாவுக்குக் கழுகுப் பார்வை. கோர்ட்ட ஏமாத்திட்டாங்க” என்றான். தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லி மனுவும் போட்டான். “பெரும்பாலும் தள்ளுபடி ஆயிடும். புதுசா ஒரு சாட்சியம் வந்தாத்தான் சிக்கல்” என்றார் வக்கீலம்மா.

அந்த வாரச் சனிக்கிழமை மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தேன். தலைவரின் மனைவி நின்றிருந்தார். பேப்பரில் எத்தனை தடவை பார்த்த முகம்! வாடகைக் காரில் தனியாக வந்திருக்கிறார். மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

அப்பா பதறி எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார். அம்மா வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். இந்த அம்மாள்தான் அன்றைக்கு, ‘அந்த வாரம் முழுக்க டிரைவர் முகமே சரியில்லை’ என்று கோர்ட்டில் சொன்னவர்.

“கொஞ்சம் தண்ணி குடும்மா” என்றார் என்னிடம். குடித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

“எவ்வளவு நாளா கண்ணு அப்படி இருந்துச்சு?”

“ரெண்டு வருஷம்மா. மொதல்ல நடுவுல ஒரு கறுப்புப் புள்ளின்னார். அப்புறம் எதிர்ல நிக்கறவங்க மூஞ்சி தெரியல. தோளு, கைதான் தெரியும்னார்.”

“மேடையில பேப்பரப் பாத்துப் பேசுவாரே.”

“அதுல ஒண்ணும் எழுதியிருக்காதும்மா. எழுதின பேச்ச முந்தின நாளே கார்ல நான் படிச்சுக் காட்டுவேன். மனப்பாடம் பண்ணிக்குவார்.”

அந்த அம்மாள் காலி டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “காலைல பேப்பர என்னைப் படிக்கச் சொல்வார். உன் குரல்ல கேட்டாத்தான் நல்லா இருக்குன்னார். முப்பது வருஷம் கழிச்சு திடீர்னு இப்படி ஒரு பேச்சான்னு எனக்கு வெக்கமாக்கூட இருந்துச்சு.” டம்ளரைக் கீழே வைத்தார். “பொண்டாட்டிகிட்ட சொல்ல முடியாதத உங்கிட்ட சொல்லியிருக்கார்.”

“எனக்கும் தொண்ணூறு நாள் சொல்லலைம்மா” என்றாள் அம்மா.

இரண்டு பெண்களும் முதல்முறையாக ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மாள் மறுபடியும் அப்பா பக்கம் திரும்பினார்.

“எதிர்ல வர்றது யாருன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

“நான் சொல்வேன்மா. கதவத் தொறக்கும்போதே காதுல போட்டுருவேன். நீலச் சட்டை பொருளாளர், கண்ணாடி போட்டவர் டாக்டர்னு.” இதைச் சொல்லும்போது அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பெருமைதான், வேறொன்றும் இல்லை. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

“அப்ப அன்னிக்கு, அவன் வந்தப்ப, கார் கண்ணாடி உடையாம இறங்கியிருந்துச்சே, அத ஏன் இறக்குனார்?”

கீழ்க் கோர்ட், மேல் கோர்ட், போலீஸ், பேப்பர் என்று எங்கேயும் யாரும் கேட்காத கேள்வி அது. தலைவருக்குக் கண் தெரியாது என்பதையே முதலில் யாரும் நம்பவில்லை, நம்பின கோர்ட்டும் ஊசி யாருக்கு என்பதோடு நின்றுவிட்டது, இதை எங்கே கேட்பார்கள்?

“தெரியலைம்மா” என்றார் அப்பா. “நான் முன்னாடி பாத்துட்டு இருந்தேன்.”

அந்த அம்மாள் எழுந்தார். “என் பையன் பண்றத என்னால நிறுத்த முடியாது. அதையும் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்” என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போனார்.

அம்மா டம்ளரைக் கழுவினாள். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். பிறகு திரையை விலக்கிக்கொண்டு வந்து அப்பா எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“அவங்ககிட்ட சொன்னது பொய்.”

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“அன்னிக்கு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு கேக்காதன்னீங்களே, அதே மூஞ்சி. எனக்குத் தெரியாதா? சொல்லுங்க.”

அப்பா என்னைப் பார்த்தார். “அவ இருக்கட்டும். அவளாலதான வெளிய வந்தீங்க” என்றாள் அம்மா.

அப்பா மடங்காத இரண்டு விரலையும் மற்றொரு கையால் பிடித்துக்கொண்டார். “ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்திட்டு இஞ்சின அணைச்சேன். நான் எறங்கி அவர் பக்கத்துக் கதவத் தொறக்கணும். சாவி கை தவறி மிதியடிமேல விழுந்துடுச்சு. குனிஞ்சு தேடிட்டு இருக்கேன். யாரோ நடந்து வர்ற சத்தம். அவர் கேட்டார், ‘யாருப்பா அது?’ன்னு. நான் நிமிந்தும் நிமிராம பாத்தேன். சட்டையில கட்சி பேட்ஜ் இருந்துச்சு. அதத்தான் பாத்தேன். மூஞ்சியப் பாக்கல.”

“என்ன சொன்னீங்க?”

“‘நம்ம ஆளுதான்’னேன்.”

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவே இல்லை.

“அவர் கண்ணாடிய இறக்கினார். ‘வாப்பா தம்பி’ன்னு சிரிச்சார். அவன் நின்னது ஒரு பக்கம், இவர் சிரிச்சது ஒரு பக்கம். நான் குனிஞ்சே இருந்ததால எம்மேல ஒண்ணும் படல.”

“அப்ப அந்தத் தொண்ணூறு நாளும் சத்தியத்துக்காக இல்ல.”

“சத்தியமும்தான். ஆனா கண்ணு தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா, அடுத்த கேள்வி அதானே? அப்ப அவனை யாருன்னு சொன்னது யாருன்னு. அதுக்கு நான் என்ன சொல்வேன்? அடி தாங்க முடிஞ்சுது. அத வாயால சொல்ல முடியல.”

அம்மா எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டாள். பிறகு, “வக்கீலம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“யாருக்கும் தெரிய வேணாம். மனு முடியற வரைக்கும்னு இல்ல, எப்பவுமே.” என் பக்கம் திரும்பினாள். “நீ எதையும் கேக்கல. புரியுதா?”

எனக்கு அன்றைக்கு அப்பா மேல் கோபம்தான் வந்தது. அவர் கண்ணைக் காட்டி அவரை மீட்டுக்கொண்டு வந்தவள் நான். அந்தக் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று கோர்ட்டே எழுதியிருக்கிறது. அன்றைக்கு அதை அரை நிமிஷம் ஒழுங்காகத் திறந்து பார்த்திருந்தால் என்ன? திங்கட்கிழமை கடையில் மூன்று ஜோடி லென்ஸைத் தப்பாக அறுத்தேன்.

எட்டு நாள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அம்மா வேலைக்குப் போனதும் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு கதவுக்கு முன்னால் வந்து நின்றார்.

“எங்கப்பா?”

“அந்த அம்மாகிட்ட.”

“வேணாம்பா. அவங்க பையன் காதுக்குப் போனா திரும்ப உள்ள வச்சிருவாங்க. அம்மா தாங்க மாட்டா.”

“தெரியும்” என்றார். பிறகு கைப்பிடியைப் பிடித்து அவரே கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். அந்த வீட்டு வாசல் காவலாளி பழைய ஆள். அப்பாவை அடையாளம் தெரிந்துகொண்டான். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்து வழிவிட்டான். அந்த அம்மாள் பின்பக்கம் தோட்டத்தில் குழாயைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் மூலையில் நின்றுகொண்டேன். அப்பா பத்தடி தள்ளி நின்று, எங்களிடம் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் சொன்னார். சாவி விழுந்தது, பேட்ஜ், ‘நம்ம ஆளுதான்’, எல்லாம்.

குழாய்த் தண்ணீர் ஒரே தொட்டியில் கொட்டி, நிரம்பி, மண்ணைக் கரைத்துக்கொண்டு வழிந்தது. அந்த அம்மாளின் கால் செருப்பு நனைந்தது. அவர் நகரவில்லை.

“சிரிச்சாரா?” என்றார்.

“ஆமாம்மா.”

“போ.”

அப்பா நின்றார். இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார் போல. திட்டு, அடி, ஏதாவது.

“போன்னு சொன்னேன்.”

வீட்டுக்கு வந்து நான்தான் அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஒரு பையை எடுத்து இரண்டு சட்டை, துண்டு, பல்பொடி, அப்பாவின் பிரஷர் மாத்திரை எல்லாம் வைத்து அழுத்தி மூடினாள். “போன தடவ ஒண்ணும் எடுத்துக்காமப் போனாரு” என்றாள். ஐந்து வாரம் அந்தப் பை கதவோரத்தில் இருந்தது. யார் மாடி ஏறினாலும் அம்மாவின் கை நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்கு வந்த தண்ணீர்க் கேன்காரனைப் பார்த்து ஒருநாள் அவளுக்கு மயக்கமே வந்துவிட்டது. அந்த ஐந்து வாரமும் அவள் அப்பாவோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், எடுப்பாள், அவ்வளவுதான்.

மனு விசாரணைக்கு வந்தது. வக்கீலம்மா சாயங்காலம் ஃபோன் பண்ணினார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“தள்ளுபடி. பத்து நிமிஷம்கூட ஆகல. பையன் வெளிய வந்து குதிகுதின்னு குதிச்சான். இனிமே யாரும் உங்கள ஒண்ணும் பண்ண முடியாது. போய் நிம்மதியாத் தூங்குங்க.”

“அந்த அம்மா வந்திருந்தாங்களா?” என்று அப்பா கேட்டார்.

“முன்வரிசையில உக்காந்திருந்தாங்க.”

“ஒண்ணும் சொல்லலியா?”

“இல்லையே. அவங்க என்ன சொல்லணும்?”

நான் ஃபோனை அணைத்தேன். அம்மா கதவோரத்துப் பையைத் திறந்து சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். ஐந்து வாரம் மடிந்து கிடந்ததில் துணியில் ஒரு புழுங்கல் வாடை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

“சொல்லியிருக்கலாம்” என்றார். எங்களிடம் இல்லை, தனக்குத்தானே. “அவங்களாவது சொல்லியிருக்கலாம்.”

அம்மா கையில் இருந்த துண்டைத் தரையில் அடித்தாள். “பன்னெண்டு வருஷம் போதாதா உனக்கு?”

அம்மா அப்பாவை ‘நீ’ என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பாவும் கேட்டிருக்க மாட்டார். திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து துண்டை எடுத்து உதறி, கொடியில் சட்டைகளுக்குப் பக்கத்தில் போட்டார். அம்மா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மறுநாள் காலை அவர் வேன் கழுவப் போனார், அவள் சலவைக்கூடத்துக்குப் போனாள். இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அம்மா அவரை ‘நீங்க’ என்று மறுபடி சொல்லவில்லை.